நான் திருத்திய பாட்டு

கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் ஆட்டத்துக்கு என் தொகுப்பில் ஒரு பாட்டு இருக்கிறது. ஆறு வரி. எதுகையும் மோனையும் பிசகாமல் விழுந்திருக்கும். கீழே 'வாய்மொழி, கரிசல் வட்டாரம்' என்று சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். அது பொய். நான்கு வரிகள் நான் எழுதியவை. மற்ற இரண்டிலும் பாதிச் சொற்கள் என்னுடையவை. புத்தகம் வரும்வரை கரிசலில் எந்தப் பிள்ளையும் அந்தப் பாட்டைப் பாடி விளையாடியதில்லை.

புத்தகம் வந்த பிறகு பாடினார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த நேரம். பாட்டு, கதை, சொலவடை என்று எதையாவது கேட்டு எழுதிக்கொள்ளாத தமிழ் வாத்தியார் எங்கள் பக்கம் குறைவு. நானும் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினேன். பிள்ளைகள் வீட்டுக்குள் உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களை மட்டும் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்று ஒரு பதிப்பாளர் சொன்னார். மூடிய கைக்குள் இருக்கும் புளியமுத்து ஒத்தையா ரெட்டையா என்று கேட்பது, கண்ணைப் பொத்திக்கொண்டு, பூப்பெயர் சொல்லி ஆளை வரவழைத்து, கிள்ளிவிட்டுப் போனது யார் என்று கேட்பது, சீட்டுக் குலுக்கித் திருடனைக் கண்டுபிடிப்பது. இதையெல்லாம் என் வகுப்புப் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்துக்கு மட்டும் பாட்டு ஆளுக்கு ஒரு மாதிரி வந்தது. பாதியில் நின்றது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "எங்க அப்பத்தா முழுசாப் பாடும் சார்" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி. அவர் பருத்தி எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். எனக்குக் கட்டில் போட்டார்கள். அவர் தரையில் உட்கார்ந்தார். என்னைவிட முப்பது வயதாவது மூத்தவர். அப்படி உட்கார்ந்திருப்பது எனக்கு அன்று உறுத்தவில்லை.

"இது மழைக்கால வெளையாட்டு வாத்தியாரே. ஐப்பசி அடப்புல பிள்ளைகள வெளிய விட முடியாது. ஒரு சொளகு மணல அள்ளி வீட்டுக்குள்ள கொட்டிட்டாப் பொழுது போயிரும்" என்றார். பேரனை அனுப்பி மணல் அள்ளிவரச் சொன்னார். சாணி மெழுகிய தரையில் ஒரு முழ நீளத்துக்கு வரப்பு மாதிரி குவித்தார். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவி விரல் நீளத்துக்கு ஒடித்தார். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மணலுக்குள் விட்டு, இரண்டு கையாலும் வரப்பை முன்னும் பின்னும் நீவினார். நீவ நீவப் பாட்டு. எங்கோ ஓரிடத்தில் துரும்பை விட்டுவிட வேண்டும். விட்ட பிறகும் கை நிற்கக் கூடாது. பாட்டு முடிந்ததும் எதிராளி இரண்டு கையையும் விரல் கோத்து, துரும்பு இருக்கும் என்று நினைக்கிற இடத்தில் பொத்த வேண்டும். பொத்திய கைக்குள் துரும்பு அகப்பட்டால் அடுத்த ஆட்டம் அவருக்கு. அகப்படாவிட்டால் அவருடைய இரண்டு கையிலும் மணலை அள்ளி வைத்து, நடுவில் துரும்பைக் குத்தி, கண்ணைப் பொத்தி எங்கெங்கோ சுற்றிக் கூட்டிப்போய் ஒரு மூலையில் கொட்டச் செய்து, திரும்பவும் சுற்றிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடுவார்கள். எங்கே கொட்டினோம் என்று போய்க் கண்டுபிடிக்க வேண்டும். மழை நாளில் வீட்டுக்குள்ளேயே இதற்கெல்லாம் இடம் இருந்திருக்கிறது. குதிருக்குப் பின்னால், அம்மிக்குக் கீழே.

அவருக்கு எதிரே பேரன் உட்கார்ந்து ஆடினான். ஒரு முறைகூட அவனால் துரும்பைப் பிடிக்க முடியவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

பாட்டில் பாதிச் சொற்களுக்குப் பொருள் இல்லை. நாக்கு தானாக உருட்டிக்கொண்டு போகும் ஒலிகள். நடுவில் ஒரு கெட்ட வார்த்தை. அது வரும் இடத்தில் வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் நீண்ட ஓர் இழுப்பு. அந்த இழுப்பு ஒரு முறை குறுகியும் ஒரு முறை நெடுகியும் போனது. டேப் ஓடிக்கொண்டிருந்தது.

பொருளில்லாத ஒரு சொல்லைக் காட்டி, "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டேன்.

"அர்த்தமா? அது கை போறதுக்கு" என்றார்.

என் நோட்டில் நான் எழுதியது: 'தகவலாளிக்குப் பொருள் தெரியவில்லை.'

கிளம்பும்போது, "எம் பேரு புத்தகத்துல வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன்.

திருத்தம் வீட்டில், இரவில் நடந்தது. மனைவியும் பிள்ளைகளும் தூங்கிய பிறகு கேசட்டை ஓடவிட்டு எழுதினேன். முதலில் கெட்ட வார்த்தையை எடுத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும் புத்தகம், அதனால் எடுக்கிறேன் என்று காரணம் இருந்தது. எடுத்த இடத்தில் ஓசை இடித்தது. ஒரு சொல் போட்டேன். அந்தச் சொல்லுக்கு எதுகையாக அடுத்த வரியில் இன்னொன்று கேட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, ஏனென்றால் சுகமாக இருந்தது. பொருளில்லாத ஒலிகளைத் தூக்கிவிட்டு ஓர் ஆறு, ஒரு கிளி, ஒரு மாந்தோப்பு வைத்தேன். எங்கள் கரிசலில் மாந்தோப்பு ஏது? இழுப்பை வெட்டி வரியைச் சீராக முடித்தேன். நள்ளிரவுக்குமேல் எழுந்து நின்று சத்தமில்லாமல் பாடிப் பார்த்தேன். அவர் பாடியதைவிட நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன்.

எப்படிச் செய்ய வேண்டும் என்று தெரியாமல் செய்யவில்லை. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964-இல் வந்த புத்தகம். என் மேசையிலேயே இருந்தது. அதில் பல பாட்டுகளின் அடியில் உதவியவர் யார், சேகரித்தவர் யார், எந்த இடம் என்று இருக்கும். வட்டாரச் சொல்லுக்குத் தனியே விளக்கம் இருக்கும். பாட்டுக்குள் கை வைக்க மாட்டார்கள். தேவநேயப் பாவாணர் 1954-இலேயே 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' எழுதினார். ஆண்பிள்ளை ஆட்டம், பெண்பிள்ளை ஆட்டம், பகலாட்டு, இரவாட்டு என்று பிரித்துப் பிரித்து வைத்திருப்பார். தனித்தமிழுக்காக அத்தனை சண்டை போட்டவரே பிள்ளைகள் ஆட்டத்தை அந்த அக்கறையோடு குறித்து வைத்திருக்கிறார். இரண்டையும் படித்திருந்தேன். என் முன்னுரையில் இரண்டு பேரையும் பாராட்டியும் இருக்கிறேன். போதாததற்குத் தொல்காப்பியத்தையும் இழுத்தேன். பாட்டு, உரை, நூல் என்று யாப்பின் ஏழு நிலங்களைச் சொல்லும் இடத்தில் பிசியையும் சேர்த்து எண்ணுகிறது, விடுகதைக்கும் நம் முன்னோர் அவ்வளவு மரியாதை கொடுத்தார்கள் என்று இரண்டு பக்கம் எழுதினேன். அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து ஆட்டங்கள்.

இதே பாட்டை ஒரு புலவர் பாடிக் கொடுத்திருந்தால் ஓர் எழுத்தைத் தொட்டிருப்பேனா? மாட்டேன். சந்தேகம் இருந்தால் அடிக்குறிப்புப் போட்டிருப்பேன். பருத்தி எடுக்கிற, கைநாட்டு வைக்கிற, காலனியில் இருக்கிற ஒரு பெண்பிள்ளை பாடியது. அதனால் அது என் கையில் கச்சாப்பொருள் ஆயிற்று. இதைச் சாதி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் பல வருடம் ஆயிற்று. மேடையில் நான் சாதி எதிர்ப்பு பேசுகிறவன்.

அச்சுப்படி வந்தது. அதில் அவர் பெயர் இருந்தது. நானே அடித்தேன். பெயர் இருந்தால் யாராவது தேடிப்போவார்கள். போய்ப் பாடச் சொன்னால் வேறு பாட்டு வரும். அவ்வளவுதான் கணக்கு. மறதி என்று பிறகு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். மறதி இல்லை.

புத்தகம் நன்றாகப் போனது. பயிற்சி முகாம்களில் அந்தப் பாட்டை நானே பாடிக் காட்டினேன். பொன்னாடை போர்த்தினார்கள்.

அதற்கு அடுத்த கல்வியாண்டில் அந்தப் பையன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. நான் வெளியே போனேன். தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவன் தங்கையை முட்டி போட வைத்திருக்கிறார்கள். டீச்சர் என் புத்தகத்தைப் பார்த்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இவள், "அது அப்படி இல்ல டீச்சர்" என்று எழுந்து அப்பத்தா பாடியதைப் பாடியிருக்கிறாள். கெட்ட வார்த்தை வரும் இடத்தில் வகுப்பே சிரித்திருக்கிறது. ஒன்று தப்பாகப் பாடியதற்கு, ஒன்று அந்த வார்த்தைக்கு. மதியச் சாப்பாடு வரைக்கும் முட்டி போட்டிருக்கிறாள்.

"அது எங்க அப்பத்தா பாட்டுதான சார்? நீங்க வந்து எழுதிக்கிட்டுப் போனீங்கள்ல? டீச்சர்ட்ட நீங்க சொல்லுங்க சார்."

"சொல்றேம்ப்பா. நீ போ" என்றேன்.

சொல்லவில்லை. அந்த டீச்சரை மறுநாள் காலையிலேயே பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். நல்லவர். மழை வருமா வராதா என்று பேசினோம். என் புத்தகத்தைப் பற்றி அவரே பேச்செடுத்தார். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்றார். அந்தச் சிறுமி பாடியதுதான் மூலம் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அப்படியானால் புத்தகத்தில் இருப்பது யார் பாட்டு? பஸ் வந்தது. ஏறி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பையன் திரும்ப என்னிடம் வரவில்லை. வகுப்பில் கேட்டதற்குப் பதில் சொல்வான். எழுந்து நிற்பான். தரையைப் பார்த்துப் பேசுவான். அவனுக்கு நான் செய்தது, அவன் தங்கைக்குச் செய்ததைவிடக் குறைவு என்று நினைக்கவில்லை. என்னை நம்பி வாசல் வரைக்கும் வந்தவன் அவன்.

கேசட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வானொலியில் குழந்தை விளையாட்டுகளைப் பற்றி நான் பேசிய பேச்சு ஒலிபரப்பான அன்று, அதை வீட்டு ரேடியோவிலிருந்து பதிவு செய்தேன். அவர் பாடிய கேசட்டின் மேலேயே செய்தேன். கையில் அகப்பட்டது அதுதான் என்று நினைவில் வைத்திருந்தேன். அதுவும் சரியில்லை. இழுப்பறையில் பிரிக்காத கேசட் இருந்தது. என் மனைவி அப்போதே கேட்டாள், "இதுல எதும் இருக்கான்னு பாத்தீங்களா?" என்று. ஒன்றும் இல்லை என்றேன். ஒன்றும் இல்லாமல் ஆனால் நல்லது என்று உள்ளே எங்கோ இருந்திருக்க வேண்டும். இப்போது அந்தக் கேசட்டில் என் குரல் இருக்கிறது.

சில வருடம் கழித்து ஆய்வு மாணவர் ஒருவர் வந்தார். மூலப் பதிவைக் கேட்க முடியுமா என்றார். பூஞ்சை பிடித்துவிட்டது என்றேன். வருத்தப்பட்டார். எனக்கு ஆறுதலும் சொன்னார். அவர் ஆய்வேட்டில் ஓர் இயல் முழுக்க, எழுத்தறியாத மக்களின் பிள்ளைப் பாட்டிலேயே மோனை எவ்வளவு இயல்பாக அமைகிறது என்று இருக்கிறது. முதன்மைச் சான்று என் ஆறு வரி. நன்றியுரையில் என் பெயர் முதலில் வருகிறது. பின்னால் நான் உண்மையை எழுதி அனுப்பினேன். அவர் போனில் கூப்பிட்டார். கோபப்படவில்லை. "பட்டம் வாங்கி, வேலைக்கும் வந்தாச்சு சார். இப்ப நான் என்ன செய்யணும்ங்கிறீங்க?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கு வேறு வழியில்லாதபடி செய்தது நான்.

உண்மையை எழுதி அனுப்பும் அளவுக்கு நான் எப்படி வந்தேன் என்றால், நேர்மையால் வரவில்லை. ஒரு கோடை முகாம். நூலகக் கட்டடத்துக்குள் தட்டில் மணல் வைத்துப் பிள்ளைகளை ஆடவிட்டோம். என் பாட்டைப் பாடித்தான் ஆடினார்கள். முதல் பிள்ளை பொத்தியது, துரும்பு அகப்பட்டது. அடுத்த பிள்ளைக்கும் அகப்பட்டது. வரிசையாக எல்லாருக்கும் அகப்பட்டது. கால்மணி நேரத்தில் ஆட்டம் சப்பென்று போய்விட்டது. பிள்ளைகள் கேரம் போர்டுக்குப் போய்விட்டார்கள். மணலைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு பொடியனிடம், எப்படிடா எல்லாரும் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"பாட்டு நிக்கிற எடத்துலதான் சார் குச்சி இருக்கும். அங்க அவங்க வாய் நின்னு போயிருது."

வீட்டுக்கு வந்து தட்டில் ரவையைக் கொட்டி, ஈர்க்கு எடுத்து, தனியாக உட்கார்ந்து பாடிப் பார்த்தேன். பொடியன் சொன்னது சரி. என் வரிகள் சீராக நிற்கும். நிற்கிற இடத்தில் கை துரும்பை விடுகிறது. சொல்லுக்குப் பொருள் இருப்பதால் மனம் சொல்லின் பின்னால் போகிறது. விரலைக் கவனித்தால் சொல் தடுக்குகிறது, சொல்லைக் கவனித்தால் விரல் காட்டிக்கொடுக்கிறது. அவர் பாட்டில் வாய் தன்போக்கில் ஓடும். கைக்குக் கவனம் முழுதும் கிடைக்கும். கடைசி இழுப்பு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீளும். அதற்குள் கை போக வேண்டிய இடத்துக்குப் போய்வந்துவிடும். கெட்ட வார்த்தைக்கு எதிராளி சிரிப்பான். சிரிக்கிறவன் கையைப் பார்க்க மாட்டான். திருடன் ஓடுவதற்குக் கூட்டத்தில் ஒருவன் சத்தம் போடுவது மாதிரியான வேலை அந்தப் பாட்டுக்கு. அதைத்தான் அவர் இரண்டே சொல்லில் எனக்குச் சொன்னார். கை போறதுக்கு.

அதன் பிறகுதான் போனேன். அவர் ரொம்பத் தளர்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை. குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்தார். பாடச் சொன்னேன். பாடினார். ஆறு, கிளி, மாந்தோப்பு. என் பாட்டு. ஒரு சொல் மாறாமல்.

"அம்மா, நீங்க மொதல்ல பாடுனது?"

"அது தப்பாம்லய்யா. பிள்ள அழுதுக்கிட்டே வந்து சொன்னா. சரியானத அவகிட்டக் கேட்டுப் படிச்சுக்கிட்டேன்."

தப்பில்லை, அதுதான் சரி, அதைப் பாடுங்கள் என்று கெஞ்சினேன். வாய் வரவில்லை. மணல் இருந்தால் வரும் என்றார். மணல் கொண்டுவந்தோம். விரல் மடங்கவில்லை. இருந்தும் நீவினார். இரண்டு மூன்று ஒலிகள் பழையபடி வந்தன. உடனே என் வரி குறுக்கே விழுந்தது. திரும்ப ஆரம்பித்தார். திரும்பவும் கிளியில் போய் முட்டினார். கையைத் தட்டிக்கொண்டு, "எது உங்களுது, எது எங்களுதுன்னு பிடிபடலையே" என்றார்.

அப்போது சொன்னேன். திருத்தியதை, பெயரை அடித்ததை, கேசட்டை அழித்ததை, டீச்சரிடம் சொல்லாமல் விட்டதை. எல்லாவற்றையும் தரையில் உட்கார்ந்து சொன்னேன். அவர் பெயரைப் பற்றிக் கேட்கவில்லை. பாட்டைப் பற்றியும் கேட்கவில்லை.

"அப்ப எம் பேத்தி எதுக்கு முட்டி போட்டா?" என்றார்.

அவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அந்தப் பாட்டு முழுதாகத் தெரிந்தவர் வேறு யாரும் அந்த ஊரில் எனக்கு அகப்படவில்லை. பக்கத்து ஊர்களில் கேட்டது வேறு வேறு பாட்டு. பல இடங்களில் பாடுவது என் பாட்டு.

புத்தகம் உங்களிடம் இருந்தால், அந்தப் பக்கத்தில் பாட்டை மட்டும் அடித்துவிடுங்கள். ஆட்டம் ஆடும் முறை சரியானது. அதை அவர் சொன்னபடியே எழுதினேன். அதில் திருத்துவதற்கு எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அடுத்த பதிப்பில் பாட்டு வராது என்று பதிப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன். இடம் காலியாக இருந்தால் நன்றாக இருக்காது, ஒரு படம் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார். ஆட்டமுறை சொன்னவர் என்று அவர் பெயரைப் போடச் சொன்னேன். பெயர் போடுவதற்கு வீட்டாரின் சம்மதம் வேண்டும். வீட்டார் என்றால் அந்தப் பேத்தி. கல்யாணமாகிப் பக்கத்து டவுனில் இருக்கிறாள். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நான் இன்னும் போகவில்லை. பதிப்பாளர் இரண்டு முறை கேட்டுவிட்டார். வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். வேலை ஒன்றும் இல்லை.